பீலி தொங்குகிறது, தண்ணீர் சுவருக்கு அடிக்கிறது: மாற்றுவதா, கழற்றி எறிவதா?

வட்டவளை வாசி

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே, 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி தனி வீடு. கூரை அஸ்பெஸ்டஸ் சீட். முன்பக்கமும் பின்பக்கமும், கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் பீவிசி பீலி போட்டிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் வெட்டு மேடு. அதன் மேல் சவுக்கு (சில்வர் ஓக்) மரங்களும் இரண்டு பெரிய யூக்கலிப்டஸும் நிற்கின்றன. காற்று அடித்தால் இலை, சுள்ளி, பட்டை எல்லாம் நேரே கூரைக்குத்தான்.

பின்பக்கப் பீலி நடுவில் தொங்கிவிட்டது. மூட்டு இரண்டில் சொட்டுகிறது. மழை கொஞ்சம் பலத்தால் தண்ணீர் பீலிக்குப் பின்னால் இறங்கிச் சுவரை நனைக்கிறது, பூச்சு பச்சை பிடித்துக் கிடக்கிறது. வந்து பார்த்த பாஸ் (வேலை செய்யும் மேஸ்திரி) எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். அவர் சொன்ன சல்லிக்கு (பணத்துக்கு) ஒரு அறை பூசி முடிக்கலாம்.

என் கேள்வி மூன்று. பீலிக்கு மேலே வலை போட்டால் இலைத் தொல்லை தீருமா? பெரிய அளவுப் பீலி தேவையா? இல்லை, பீலியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

ஹட்டன் மாமா

எதைச் செய்தாலும் மே மாதத்துக்கு முன் செய்து முடியுங்கள். தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் உங்கள் பக்கம் செப்டெம்பர் வரை ஏணி வைக்க நாள் கிடைக்காது. வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழும் இடம் அது.

தெமோதரை அக்கா

மாமா சொன்னது மேற்குச் சரிவுக்காரர்களுக்கு. ஊவாப் பக்கம் யாராவது இதை வாசித்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்குப் பெருமழை ஒக்டோபரில் பின்னேர இடிமழையாக ஆரம்பித்து, வடகீழ் பருவத்தோடு ஜனவரி வரை இழுக்கும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நல்ல வறட்சி, அதுதான் எங்களுக்குப் பீலி வேலைக் காலம். ஆனால் அந்த மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அடிக்கும் காற்றில் ஏணியில் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. காலையில் ஏறி, காற்று எழும்ப முன் இறங்கிவிட வேண்டும்.

பழைய மேசன்

தம்பி, பாஸ் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்கும் மூன்று வேறு காரணம் இருக்கும்.

நடு தொங்குவது பெரும்பாலும் பீலியின் குற்றம் அல்ல. பிராக்கெட் தூரத் தூர அடித்திருப்பார்கள், அல்லது பிராக்கெட் பிடித்திருக்கும் வேலன்ஸ் பலகை (தாவார ஓரத்துப் பலகை) உளுத்திருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பலகையைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பலகையில் என்ன ஸ்க்ரூ அடித்தும் பிரயோசனம் இல்லை. பலகையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கைமரத்தின் நுனியிலேயே இரும்புப் பிராக்கெட் ஏற்ற வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். நம் ஈரத்துக்குப் பலகை எப்படியும் உளுக்கும், கைமரம் கூரைக்குள் இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இடைவெளி 2 அடிக்கு மேல் போகக் கூடாது. வெயில் ஊரில் 3 அடி விடுவார்கள். இங்கே ஈர இலையும் தண்ணீரும் சேர்ந்து பீலியில் இருக்கும் பாரம் வேறு.

வாட்டம் பத்தடிக்கு அரை அங்குலம் போதும். கண்ணால் பார்த்து அடிக்காதீர்கள். சரிவான காணியில் நின்றுகொண்டு கண் சொல்வதை நம்பவே முடியாது. லெவல் டியூப் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து, நூல் கட்டி அடிக்க வேண்டும். தண்ணீரைக் கீழே இறக்கும் டவுன் பைப் ஒரு ஓரத்தில் இருந்தால் அதை நடுவுக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் நடுவுக்கு வந்தால் ஒவ்வொரு பாதியும் அரைவாசித் தண்ணீரைத்தான் சுமக்கும். பெரிய பீலி வாங்கும் செலவு அதிலேயே மிச்சம்.

மூட்டு சொட்டுவதற்குக் காரணம் வெயில். சிரிக்க வேண்டாம். விடியற்காலை 12 பாகை, மத்தியானம் வெயில் பட்டால் பீவிசி 35, 40 வரை சூடேறும். 20 அடி நீளம் அந்த இடைவெளியில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீளும், சுருங்கும். பசை போட்டு இரண்டு பக்கமும் இறுக்கி ஒட்டிய மூட்டு இந்த இழுபறியில் வெடிக்காமல் என்ன செய்யும்? றப்பர் சீல் வைத்த மூட்டுத் துண்டு கேட்டு வாங்குங்கள். உள்ளே பீலி நுனி முட்டாமல் சிறு இடைவெளி விடுங்கள். சிலிக்கனைத் தடவித் தடவி அடைப்பது அடுத்த மழை வரைக்கும்தான்.

நோர்வூட் பையன்

மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கழற்றி எறியுங்கள். என் பாட்டி இருந்த தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பீலியே கிடையாது. நூறு வருடத்துக்கு மேல் நிற்கிறது.

கொட்டகலை டீச்சர்

நிற்கிறது, சரி. எப்படி நிற்கிறது என்றும் சொல்லுங்கள் தம்பி. மழைக்காலத்தில் இஸ்தோப்பில் (திண்ணையில்) காலை வைக்க முடியாது, காம்பரா (அறை) சுவர் இடுப்பு உயரம் வரை ஊறிக் கிடக்கும், பிள்ளைகளுக்கு இருமல் விட்டபாடில்லை.

நோர்வூட் பையன்

டீச்சர், அது தகரம் ஓட்டையாகி ஒழுகுவதால். பீலி இல்லாததால் அல்ல.

கான்வெட்டி

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பழைய லயத்தில் பீலி இல்லாவிட்டாலும் தாவாரத் தண்ணீர் விழும் கோட்டில் நீளத்துக்குக் கான் (வடிகால்) இருந்தது. கல் பதித்த கான். அதைத் துப்பரவு செய்யத் தோட்டத்தில் ஆள் போட்டார்கள். தண்ணீர் கூரை முழு நீளத்துக்கும் பரவி விழுந்து, கானில் சேர்ந்து, பெரிய கானுக்குப் போனது. இப்போது பல இடங்களில் அந்தக் கான் மண் மூடிக் கிடக்கிறது, அல்லது அதன் மேல் குசினி கட்டியாயிற்று. ஈரச் சுவருக்கு அதுவும் ஒரு காரணம்.

வட்டவளைத் தம்பி, உங்கள் கேள்வி முழுவதும் கூரைக்கு மேலேயே நிற்கிறது. உங்கள் டவுன் பைப் கீழே எங்கே முடிகிறது?

வட்டவளை வாசி

அண்ணே, முன்பக்க பைப் பாதையோரக் கானுக்குப் போகிறது. பின்பக்கத்தது வீட்டின் ஓரத்தால் வந்து காணி எல்லையில் முடிகிறது. அங்கிருந்து சரிவு. கீழே இன்னொரு வீடு இருக்கிறது, சுமார் 15 அடி இறக்கத்தில். பைப்புக்கு முன்னால் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

கான்வெட்டி

அந்தப் பள்ளத்துக்குத்தான் முதல் வேலை. பீலி இன்னும் ஒரு மாதம் தொங்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். 550 சதுர அடி வீட்டுக்குத் தாவாரமும் சேர்த்துக் கூரை நிழல் 650 சதுர அடி, அதாவது சுமார் 60 சதுர மீட்டர். கூரைச் சரிவின் நீளத்தை அளக்க வேண்டாம், மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்புத்தான் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் உங்கள் கூரையிலிருந்து 6000 லீட்டர் இறங்குகிறது. 1000 லீட்டர் தாங்கி ஆறு. அதில் பாதி, மூன்று தாங்கித் தண்ணீர், சரிவின் விளிம்பில் ஒரே இடத்தில் கொட்டுகிறது. அதற்குக் கீழே ஒரு குடும்பம் தூங்குகிறது.

பீலி இல்லாவிட்டால் இதே தண்ணீர் முப்பதடி நீளத்துக்குப் பரவி விழும். பீலி போட்டு, கீழே வழி செய்யாமல் விட்டால் அதைத் திரட்டி ஒரு முனையில் மண்ணுக்குள் குத்துகிறோம். அதனால்தான் மலையில் கான் இல்லாத பீலியைவிடப் பீலி இல்லாத கூரை தேவலை என்பேன். நோர்வூட் தம்பி சொன்னதில் எனக்குப் பிடித்த பாதி அதுதான்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். வானத்திலிருந்து நேரே விழும் மழைக்குச் சொன்ன அளவு இது. உங்கள் பைப் வாயில் இருக்கும் மண்ணுக்கு எவ்வளவு போகிறது என்று நீங்களே யோசியுங்கள். 2014 இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைநாடு முழுக்கப் பார்த்தோம். அவ்வளவு பெரிய சரிவுக்கு ஒரு வீட்டுப் பீலி காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெட்டு மேடு உடைந்து பின்சுவரில் விழும் சின்னச் சரிவுகள் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றுக்கு மேலே யாரோ ஒருவரின் தண்ணீர் இருக்கும்.

கொட்டகலை டீச்சர்

கீழ்வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லையா?

வட்டவளை வாசி

கோபம்தான். ஒரு தரம் வாய்த்தர்க்கமாகிவிட்டது. அவர் முற்றத்துக்குச் சேறு வருகிறது என்றார். எல்லோர் வீட்டுத் தண்ணீரும் கீழேதான் போகும் என்று என் அப்பா சொல்லிவிட்டார்.

கான்வெட்டி

அப்பா சொன்னது சரி. கீழேதான் போகும். கானில் போகட்டும்.

பசறைப் பக்கம்

ஊறுகுழி வெட்டி அதற்குள் விடலாமே? கொழும்பில் அப்படித்தான் செய்கிறார்கள். நிலத்தடி நீருக்கும் நல்லது.

கான்வெட்டி

கொழும்பில் செய்யட்டும். சரிவின் தலையில் குழி வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டால் மண்ணின் பாரம் ஏறும், பிடிப்பு இளகும். மேடு, வெட்டு, விளிம்பு இருக்கிற காணியில் கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் விடவே கூடாது. மூடிய பைப்பிலோ சீமெந்துக் கானிலோ கீழே இறக்கி, பொதுக் கானிலோ ஓடையிலோ சேர்க்க வேண்டும். செங்குத்தான இடத்தில் படிக்கான் கட்டுங்கள். படியில் விழுந்து விழுந்து வேகம் குறையும். கானில் வெடிப்பு இருந்தால் அதுவும் ஊறுகுழி மாதிரித்தான் வேலை செய்யும், ஆகவே வருடத்துக்கு ஒரு தரம் பூசிவிடுங்கள்.

அப்புறம், மேட்டின் தலையிலும் ஒரு கான் வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீரை வெட்டு முகத்தில் இறங்க விடாமல் பக்கவாட்டில் திருப்புவதற்கு. பீலிக்குச் சல்லி இருந்து இதற்கு இல்லை என்றால் பீலியைத் தள்ளிப்போடுங்கள். மேட்டில் புது வெடிப்பு, மரம் சாய்தல், திடீரென்று சேறாக வரும் ஊற்று, இவற்றில் ஏதாவது கண்டால் கிராம சேவகரிடம் சொல்லி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அறிவியுங்கள். இங்கே வந்து கேள்வி போட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

தெமோதரை அக்கா

சரி, மேலே வருவோம். தம்பி வலையைப் பற்றிக் கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை.

எந்த மரம் என்பதைப் பொறுத்தது. பலா, மா மாதிரி அகன்ற இலைக்கு வலை நல்லது, இலை மேலே காய்ந்து காற்றில் போய்விடும். சவுக்கிலை கிழிந்த சீப்பு மாதிரி. வலைக் கண்ணில் ஒரு பல்லை விட்டுக்கொண்டு அப்படியே படுத்துவிடும், அதன் மேல் அடுத்தது, அதன் மேல் பாசி. கடைசியில் மழைத் தண்ணீர் வலைக்கு மேலாகவே ஓடி முற்றத்தில் விழும். பைன் ஊசி நேரே உள்ளே போய் நட்டுக்கொண்டு நிற்கும். அல்பீசியாச் சிற்றிலைக்கு எந்த வலையும் வலையே இல்லை. உங்கள் மரங்களுக்கு வலை போட்டால் சுத்தம் செய்யும் போதெல்லாம் முதலில் வலையைக் கழற்ற வேண்டும். அதனால் மூன்று மாதம் தள்ளிப்போடுவீர்கள், பிறகு உள்ளே செடியே முளைத்திருக்கும்.

நான் வலைக்குப் பதில் டவுன் பைப் தொடங்கும் வாயில் கம்பியில் பின்னிய உருண்டை ஒன்று வைத்திருக்கிறேன். பைப் மட்டும் அடைபடாமல் இருந்தால் போதும், பீலியில் கிடப்பதைக் கையால் அள்ளிக்கொள்ளலாம். சவுக்கு இலை கொட்டுவது வறண்ட மாதங்களில். அது கொட்டி முடிந்ததும் ஒரு தரம், மழைக்கு நடுவில் ஒரு தரம், பெருங்காற்றுக்கு மறுநாள் ஒரு தரம். யூக்கலிப்டஸ் பட்டை நீளமாக உரிந்து விழுமே, ஒரே ஒரு துண்டு போதும், முழுப் பீலிக்கும் அணை கட்டிவிடும்.

பழைய மேசன்

அக்கா சொன்னதோடு ஒன்று. டவுன் பைப்பின் அடியில், முழங்கால் உயரத்தில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள பைப் துண்டு) போட்டு மூடி வையுங்கள். அடைத்தால் கீழே நின்றபடியே மூடியைக் கழற்றிக் கம்பியை விட்டுக் குத்தலாம். வளைவுகளுக்கு ஒரே அடியாக 90 பாகை எல்போ வேண்டாம், 45 இரண்டு போடுங்கள். பட்டை சிக்குவது எப்போதும் எல்போவில்தான்.

தண்ணீர் பின்னால் இறங்குகிறது என்றீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். பீலியின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நிரம்பினாலும் தண்ணீர் முற்றத்துக்கு விழும், சுவருக்கு வராது. தொங்கிய பீலி உள்பக்கமாகச் சரிந்தால் எல்லாம் தலைகீழ். சீட் நுனி பீலிக்குள் 2 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குறைவாக இருந்தால் தண்ணீர் சீட்டின் அடியை நக்கிக்கொண்டே பின்னால் போகும். கூட இருந்தால் காற்று மழையில் பீலியைத் தாண்டிப் பாயும்.

கண்டி மேட்டுத் தெரு

குரங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பீலிக்கு இலையும் மழையும் எதிரியே அல்ல. கூட்டமாக வந்து பீலி விளிம்பைப் பிடித்துத் தொங்கி அடுத்த கூரைக்குத் தாவுகின்றன. பீவிசி போட்டு இரண்டு தரம் உடைந்தது. இப்போது கல்வனைஸ் தகரத்தில் மடித்துப் போட்டிருக்கிறோம்.

பழைய மேசன்

தகரம் குரங்குக்கு நல்லது, இலைக்குக் கெட்டது. மக்கிய ஈர இலை அடியில் கிடந்தால் துத்தநாகப் பூச்சு போய்த் துரு விழும். அதில் பிட்டுமன் டேப் ஒட்டுவதென்றால் துருவைச் சுரண்டி, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டிய டேப் ஒரு கிழமை கூட நிற்காது. மழைக்காலத்தில் ஓட்டை விழுந்தால் தற்காலிகமாக ஒரு தகரத் துண்டை உள்ளே வைத்து ஒப்பேற்றுங்கள், டேப்பை வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலை டீச்சர்

தொங்கிய பீலியில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும். டெங்கு நுளம்பு முட்டை தண்ணீர் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, உட்புறத்தை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கண்டி, பதுளைப் பக்கம் பி.எச்.ஐ. மார் (பொதுச் சுகாதார பரிசோதகர்கள்) வந்தால் பீலியையும் எட்டிப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. அஸ்பெஸ்டஸ் சீட் மேல் இருக்கும் பாசியைக் காய்ந்த நிலையில் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள், தூள் நெஞ்சுக்குப் போகும். பிரஷர் வோஷரும் வேண்டாம். நீல அஸ்பெஸ்டஸை 1987 இலேயே இங்கே தடை செய்துவிட்டார்கள், ஆனால் வெள்ளையும் ஆபத்தில்லாதது அல்ல. அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். 2017 டிசம்பரில், நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை அரசாங்கம் தள்ளிவைத்தது. தேயிலைக்குத் தடையும் சீக்கிரமே நீங்கியது. நம் கொழுந்துக்கும் நம் கூரைக்கும் இப்படி ஒரு முடிச்சு.

நோர்வூட் பையன்

டீச்சர் இதை எப்போது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹட்டன் மாமா

சீட் மேல் கால் வைக்கவே கூடாது, அதுதான் முக்கியம். பழைய சீட் பார்க்கத் திடமாக இருக்கும், மிதித்தால் ஆளோடு உள்ளே போகும். ஏணியில் நின்றே வேலையை முடியுங்கள். ஏற வேண்டியே வந்தால் சீட்டைத் தாங்கும் வளை இருக்கும் இடம் பார்த்துக் குறுக்கே பலகை போடுங்கள். ஏணி வைக்கும் முன் தாவாரத்துக்கு அடியில் குளவிக் கூடு இருக்கிறதா என்று கீழே நின்று நன்றாகப் பாருங்கள், தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. கரண்ட் வயர் வீட்டுக்கு வரும் மூலையில் இரும்பு ஏணி வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி முழங்கினால் இறங்கிவிடுங்கள்.

அந்த யூக்கலிப்டஸ் மரம் யாருடையது?

வட்டவளை வாசி

தோட்டத்துக்குச் சொந்தம் மாமா. வாயால் பல தரம் சொல்லியாயிற்று, பார்க்கலாம் என்கிறார்கள்.

ஹட்டன் மாமா

வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுத்தில் கொடுங்கள், படத்தோடு. பிரதி ஒன்று கிராம சேவகருக்கு, ஒன்று பிரதேச செயலகத்துக்கு. கொடுத்த திகதியோடு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக வெட்டப் போகாதீர்கள், அது வேறு வழக்காகும். சவுக்கை அடியோடு வெட்டக் கேட்க வேண்டாம், மேட்டை அதன் வேர்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கூரைப் பக்கம் நீளும் கொப்பைக் கழிக்கக் கேளுங்கள்.

வட்டவளை வாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பலகையைக் குத்திப் பார்த்தேன், நடுவில் ஆறடிக்கு உளுத்துப் போயிருக்கிறது, மற்றது நல்லது. பாஸிடம் பேசி, முழுவதையும் கழற்றாமல் கைமரத்தில் இரும்புப் பிராக்கெட் ஏற்றுவதென்றும் டவுன் பைப்பை நடுவுக்கு மாற்றுவதென்றும் முடிவு. மூட்டுத் துண்டு றப்பர் சீலோடு ஹட்டனில் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன் கான். கீழ்வீட்டு அண்ணனைப் போய்ப் பார்த்தேன். அவர் காணி ஓரத்தால் கொண்டுபோகச் சம்மதித்தார், அவருடைய கூரைத் தண்ணீரையும் அதிலேயே சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையில். ஆள்வேலை இரண்டு வீடும் சேர்ந்து.

கான்வெட்டி அண்ணே, அரைவட்ட சீமெந்துத் துண்டு 6 அங்குலம் எடுப்பதா, 9 எடுப்பதா? விலையில் நல்ல வித்தியாசம்.

கான்வெட்டி

தண்ணீருக்கு 6 போதும். மணிக்கு 75 மில்லிமீட்டர் என்று கொட்டினாலும் ஒரு முழுக் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 75 லீட்டர்தான், சரிவில் அது ஓடிவிடும். இரண்டு வீடு சேர்ந்தாலும் தாங்கும். ஆனால் 6 அங்குலத்துக்குள் மண்வெட்டி போகாது, யூக்கலிப்டஸ் பட்டை வேறு குறுக்கே விழும். 9 எடுங்கள். சல்லி முட்டினால் அண்ணன் வீட்டுத் தண்ணீர் சேரும் இடத்திலிருந்து கீழ்ப்பகுதிக்கு மட்டும் 9 போடுங்கள், மேலே 6 போடலாம். மூட்டுக்குச் சீமெந்து பூசும்போது மேல்துண்டின் வாய் கீழ்த்துண்டுக்கு உள்ளே உட்காருகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள்.